ப்ராப் காமெடி என்ன பாவம் செய்தது?

அமெரிக்க ஸ்டாண்ட்-அப் உலகத்தில் ஒருவரைத் திட்டக் கெட்ட வார்த்தை தேவையில்லை. ‘ப்ராப் காமெடியன்’ என்று சொன்னால் போதும். வெறும் மைக்கோடு நிற்காமல், ஏதாவது சாமானைக் கையில் எடுத்து அதை வைத்துச் சிரிக்க வைப்பவர் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். நடைமுறையில் அர்த்தம் வேறு: சரக்கு இல்லாதவர், எழுதத் தெரியாதவர், குழந்தைகளின் பிறந்தநாள் விழாவுக்குப் போக வேண்டியவர் வழி தவறி இங்கே வந்துவிட்டார்.

இந்த வசவின் நிரந்தர முகவரி கேரட் டாப். இயற்பெயர் ஸ்காட் தாம்ப்ஸன். செம்பட்டைச் சுருட்டை முடி, மேடை நிறையப் பெட்டிகள், பெட்டி நிறைய விநோதச் சாமான்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார், ஒரு வரி சொல்வார், தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். 1997இல் கோனன் ஓ’ப்ரையன் நிகழ்ச்சியில் ஒரு நடிகை, கேரட் டாப்புடன் தான் நடித்த ‘சேர்மன் ஆஃப் த போர்ட்’ படத்தைப் பற்றிப் பேச வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நார்ம் மெக்டொனால்ட், அந்த ‘போர்ட்’ என்ற சொல்லுக்கு ‘போர் அடித்துப்போன’ என்று அர்த்தம் வரும் எழுத்துக்களைப் போட்டிருப்பார்கள் என்று பந்தயம் கட்டினார். அரங்கம் வெடித்தது. இன்றும் அந்தத் துண்டு வீடியோவைப் பகிர்ந்து சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன், அபாரமான டைமிங். ஆனால் ஒரு நிமிஷம். அது என்ன வகை ஜோக்? எழுத்துச் சிலேடை. பள்ளிக்கூடக் கடைசி பெஞ்சு சரக்கு. ப்ராப் காமெடி மலிவானது என்பதற்கு அத்தாட்சியாக எல்லோரும் காட்டும் ஜோக்கே, சொல்லை வைத்து ஆடும் நகைச்சுவையில் ஆக மலிவான வகையைச் சேர்ந்தது. சொல்லில் இருந்ததால் அது தப்பித்துவிட்டது.

இங்கே யாராவது கையைத் தூக்கி, “ரசனை ஆளுக்கு ஆள் மாறும், விடுப்பா” என்பார்கள். நான் விடுவதாக இல்லை. பாகற்காய் பிடிக்காது என்பது ரசனை. பாகற்காய் சாப்பிடுகிறவனுக்கு நாக்கே கிடையாது என்பது வேறு சமாசாரம். ப்ராப் காமெடி பற்றி நடப்பது இரண்டாவது.

முதல் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம்: “அது ஏமாத்து வேலை. சாமான்தான் சிரிக்க வைக்குது, ஆள் இல்ல.” சரி, ஒரு ப்ராப் ஜோக் செய்து பார்ப்போம். நம்ம ஊரில் ஹெல்மெட் தலையில் இருப்பதைவிட முழங்கையில் தொங்குவதுதான் அதிகம். இதைச் சொல்லாகச் சொன்னால் ஒரு புலம்பல். ஏற்கெனவே நூறு பேர் சொல்லிவிட்டார்கள். இப்போது மேடையில் ஒருவர் பெட்டியைத் திறந்து, முழங்கைக்கென்றே அளவெடுத்துச் செய்த குட்டி ஹெல்மெட் ஒன்றை எடுத்து, கண்ணாடியெல்லாம் வைத்து, முழங்கையில் மாட்டிக் கிளிப்பும் போட்டுக்கொள்கிறார் என்று வையுங்கள். பேச்சே வேண்டாம். புலம்பல் போய், அந்த இடத்தில் ஒரு தயாரிப்பு வந்துவிட்டது. மக்களைத் திருத்த முடியாது, சாதனத்தைத் திருத்திவிடலாம் என்று முடிவு செய்த ஒரு அறிவாளிப் பைத்தியக்காரனின் கண்டுபிடிப்பு. நல்ல ப்ராப் ஜோக் எப்போதும் இப்படித்தான் இருக்கும்: தப்பான பிரச்சினைக்குச் சரியாகச் செய்த தீர்வு. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இதில் உழைப்பு எங்கே என்கிறீர்களா? அந்தச் சாமானைக் கடைசி வரிசைக்காரன் ஒரு வினாடியில் அடையாளம் காண வேண்டும். பெட்டியில் மடங்க வேண்டும், முப்பதாவது ஷோவிலும் கிளிப் உடையக் கூடாது. சொல் ஜோக் நேற்று ஓடவில்லையென்றால் இன்று ஒரு வார்த்தையை மாற்றிப் பார்க்கலாம். மென்பொருள் மாதிரி, ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தி அனுப்பிவிடலாம். ப்ராப் ஜோக் ஓடவில்லையென்றால் ரம்பத்தை எடுத்து முதலிலிருந்து அறுக்க வேண்டும். நான் முதல் வகை வேலையில் இருப்பவன் என்பதால் இரண்டாவது வகைக்காரர்கள் மீது எனக்கு மரியாதை அதிகம்.

கேலகரையே பாருங்கள். தர்பூசணியைச் சுத்தியலால் அடித்துச் சிதறடிக்கும் ஆள் என்றுதான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. முன்வரிசைக்காரர்கள் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மனிதர் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். அந்தப் பெரிய கொட்டாப்புளிக்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்லெட்ஜ்-ஓ-மேட்டிக்’. 1960களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கூவிக் கூவி விற்கப்பட்ட ‘வெஜ்-ஓ-மேட்டிக்’ என்ற காய் நறுக்கும் கருவியின் மீதான கிண்டல் அது. அடிப்பதற்கு முன்னால் அந்த விளம்பரக்காரனின் குரலில், அதே தேனொழுகும் உறுதிமொழிகளோடு, இந்தக் கருவி உங்கள் சமையலறையை எப்படி மாற்றப்போகிறது என்று பேசுவார். பிறகு ஒரே அடி. தேவையில்லாத சாமானை வீடு முழுக்க அடுக்கிவைக்கச் சொன்ன ஒரு விற்பனைக் கலாச்சாரத்தின் தலையில் விழுந்த அடி அது. “சும்மா பழத்தை ஒடைக்கிறான்” என்பவர்கள் அடியை மட்டும் பார்த்தவர்கள், பேச்சைக் கேட்காதவர்கள்.

அவசரமாகக் கேலகருக்குச் சிலை வைக்கவும் நான் சொல்லவில்லை. பிற்காலத்தில் அவர் மேடையில் தன்பால் ஈர்ப்பாளர்களைப் பற்றிப் பேசியதெல்லாம் அருவருப்பானது. 2011இல் மார்க் மேரன் தன் பாட்காஸ்டில் அதைப் பற்றி வற்புறுத்திக் கேட்டபோது பாதியில் எழுந்து போய்விட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவரைக் கெடுத்தது தர்பூசணி இல்லை, வாய். சுத்தியல் யாரையும் காயப்படுத்தவில்லை. அந்த வேலையைச் சொல்தான் செய்தது. சொல் என்றாலே அறிவு, சாமான் என்றாலே மட்டம் என்ற கணக்கு இந்த இடத்திலேயே இடிக்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் சுவாரசியமானது: ப்ராப் என்றாலே தரம் குறைவு. அப்படியானால் ஸ்டீவ் மார்ட்டினை என்ன செய்வது? 1970களில் தலையைத் துளைத்துக்கொண்டு போகும் பொம்மை அம்பை மாட்டிக்கொண்டு மேடையேறியவர். அவருக்கு 2005இல் மார்க் ட்வெய்ன் விருது கொடுத்தார்கள். டிமெட்ரி மார்ட்டின்? பெரிய வரைபடத் தாளை ஸ்டாண்டில் வைத்து, கிராஃபும் கோட்டோவியமும் காட்டி ஜோக் சொல்பவர். அவரை யாரும் ப்ராப் காமெடியன் என்று திட்டுவதில்லை. புத்திசாலி என்கிறார்கள். உண்மையிலேயே புத்திசாலிதான். ஆனால் அந்தத் தாளும் ஸ்டாண்டும் ப்ராப் இல்லையா? ஆங்கிலக் கால்வாயைத் தாண்ட வேண்டாம், அட்லாண்டிக்கை மட்டும் தாண்டினால் பிரிட்டனில் டாமி கூப்பர் இருக்கிறார். சிவப்புத் துருக்கித் தொப்பி, மேசை நிறையச் சாமான், சொதப்பும் மேஜிக். 1984 ஏப்ரலில் தொலைக்காட்சி நேரலையில் மேடையிலேயே மாரடைப்பில் சரிந்தபோது, அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துச் சனம் சிரித்தது. அவர் பிறந்த ஊரான கேர்ஃபிலியில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது.

ஆக, பிரச்சினை ப்ராப் இல்லை. அம்பை மாட்டிக்கொண்டே “இது எவ்வளவு அபத்தம் என்று எனக்கும் தெரியும்” என்று கண்ணடித்தால் அது கலை. கல்லூரி வகுப்பறையில் இருக்க வேண்டிய தாளை எடுத்துவந்தால் அதுவும் கலை. காலமும் கடலும் தாண்டிவிட்டால் மரபு. ஆனால் லாஸ் வேகாஸ் ஹோட்டலில், குடும்பத்தோடு சுற்றுலா வந்த சனத்துக்கு முன்னால், 2005 முதல் இன்றுவரை கண்ணடிக்காமல் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தால் அது மட்டம். இவர்கள் பார்ப்பது சாமானை இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களை. அந்த ஆட்கள் சிரிக்கும் இடத்தில் நாமும் சிரித்துவிட்டால் நம்மை எந்த வரிசையில் உட்கார வைப்பார்களோ என்ற பயத்துக்கு ‘ரசனை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் உண்மையிலேயே கனமானது. லென்னி புரூஸ், ரிச்சர்ட் ப்ரையர் வழியாக வந்த ஸ்டாண்ட்-அப், ஒரு மனிதன் தன் உண்மையை நேருக்கு நேர் சொல்லும் கலை. கையில் ஒரு பொருள் வந்ததும் ஆள் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறான் என்பது. மதிக்க வேண்டிய வாதம். அதற்கு ப்ரையரிடமிருந்தே பதில் வைத்திருக்கிறேன்.

1980இல் போதைப்பொருள் உபயோகத்தின்போது உடம்பில் தீப்பிடித்து, எரிந்தபடியே தெருவில் ஓடியவர் ப்ரையர். பிழைத்து வந்து 1982இல் வெளியிட்ட ‘லைவ் ஆன் த சன்செட் ஸ்ட்ரிப்’ படத்தில் அதைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசினார். முடிக்கும் நேரத்தில், ஊரில் தன்னைப் பற்றி என்ன ஜோக் ஓடுகிறது என்பது தனக்கும் தெரியும் என்று ஒரு தீக்குச்சியைக் கொளுத்தினார். எரியும் குச்சியைக் காற்றில் துள்ளித் துள்ளி நகர்த்தி, இது யார் தெரியுமா, தெருவில் ஓடும் ரிச்சர்ட் ப்ரையர் என்றார். அவ்வளவுதான். தன் சதை எரிந்ததைச் சொல்ல அந்த மகா பேச்சுக்காரனுக்குக் கடைசியில் தேவைப்பட்டது ஒரு தீக்குச்சி. அதன் பின்னால் அவர் ஒளிந்துகொண்டாரா? அதைவிட அம்மணமாக ஒருவர் மேடையில் நிற்க முடியுமா?

இதையெல்லாம் தமிழில் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த அமெரிக்க இளக்காரத்தை நாம் அப்படியே இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம். நான் போய்வரும் ஓப்பன் மைக் கூட்டங்களில் யாராவது ஒரு பையோடு மேடையேறினால், வாயைத் திறப்பதற்கு முன்பே பின்வரிசையில் பார்வைகள் பரிமாறப்படுகின்றன. “ரைட்டிங் வீக்கா இருக்கும்போல.” இதைச் சொல்வது யார்? பெட்ரோமாக்ஸ் மேன்டில் செந்தில் கையில் நொறுங்கியதை ‘வைதேகி காத்திருந்தாள்’ வந்த 1984லிருந்து இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் சனம். அது சினிமா, மேடை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேன்டிலை எடுத்துவிட்டு அந்தக் காட்சியைச் சொல்லிப் பாருங்கள். அந்த நொறுங்கும் வெள்ளைத் துகள்தான் பஞ்ச்லைன்.

இன்னொன்றும் உண்டு. ஆங்கில ஸ்டாண்ட்-அப்பின் பாதி ஜோக்குகள் அமெரிக்க ஹைஸ்கூலில் படித்தவனுக்கே முழுசாகப் புரியும். நியூசிலாந்துக்காரர் டேப் ஃபேஸ் வாயில் டேப்பை ஒட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், சாமான்களை வைத்தே முழு நிகழ்ச்சியும் நடத்துகிறார். சப்டைட்டில் வேண்டாம், அக்ஸென்ட் பயம் வேண்டாம். இங்கிலீஷ் பேசும் கூட்டத்தில் அரை வினாடி தாமதமாகச் சிரித்துப் பழகியவர்களுக்கு, எல்லோரோடும் ஒரே நேரத்தில் சிரிப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தச் சிரிப்பை மட்டமென்று சொல்ல யாருக்கு அதிகாரம் கொடுத்தோம்?

மோசமான ப்ராப் காமெடி உண்டா? தாராளமாக உண்டு. சொன்னாலே போதுமான ஜோக்குக்குப் படம் போட்டுக் காட்டுவதுபோல ஒரு பொம்மையைத் தூக்கிக் காட்டுவார்கள். சாமானை எடுத்துவிட்டாலும் ஜோக் அப்படியே நிற்கும் என்றால் அந்தச் சாமான் தண்டம். இதே அளவுகோலைச் சொல்லுக்கும் வையுங்கள். விமான நிலையம், மாமியார், டேட்டிங் ஆப் என்று வரிசையாக வரும் சோம்பேறி ஜோக்குகளைக் கேட்டுவிட்டு யாரும் “எனக்குச் சொல் காமெடியே பிடிக்காது” என்று சொல்வதில்லை. அந்த ஜோக் மோசம் என்கிறோம், அந்த ஆள் இன்றைக்குச் சரியில்லை என்கிறோம். ஒரு வடிவத்தையே தூக்கில் போடுவதில்லை.

நான் கேட்பது அந்த ஒரே நியாயத்தைத்தான். கேரட் டாப் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஒரு மணி நேரம் அந்த வேகம் எனக்கே களைப்பாக இருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் எந்தச் சாமான், எந்த ஜோக், எங்கே சறுக்கியது என்று சொல்லுங்கள், உட்கார்ந்து சண்டை போடலாம். பெட்டி திறப்பதற்கு முன்பே உதட்டைப் பிதுக்கினால், அதற்கு விமர்சனம் என்று பெயர் வைக்காதீர்கள்.