பேலட் கணக்கில் விடுபட்ட தாராவி

மும்பையைச் சுற்றியுள்ள கிடங்குகளில், குறிப்பாகப் பிவண்டியில், மரப் பேலட்டை விட்டுவிட்டு பிளாஸ்டிக் பேலட்டுக்கு மாறலாமா என்ற பேச்சு ஓயாமல் நடக்கிறது. பெட்டிகளை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட்டால் தூக்கிச் செல்ல உதவும் இந்த அடித்தட்டைக் கிடங்குக்கு வெளியே யாரும் கவனிப்பதில்லை. விற்பவர்கள் வைக்கும் வாதம் ஒன்றுதான்: விலை மூன்று மடங்கு, ஆனால் பல ஆண்டு உழைக்கும், போகப்போக மரத்தைவிட மலிவாகிவிடும். இதைப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஆனால் இந்த வாதம் இரண்டு பேரை நம்பி நிற்கிறது. சரக்கை இறக்கிய பின் பேலட்டைத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர் ஒருவர். உடைந்த பேலட்டை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் பழைய பிளாஸ்டிக் தொழிலில் இருப்பவர் மற்றொருவர். மும்பையில் அந்தத் தொழிலின் பெரிய முகவரி தாராவி. விலைப்பட்டியல் எதிலும் தாராவியின் பெயர் வருவதில்லை.

மரத்தின் மீதுள்ள புகார்கள் நியாயமானவைதான். 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில், மரத்தைத் துளைத்து அழிக்கும் ஆசிய வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சரக்கைச் சுமந்து வந்த மரச்சட்டங்களுக்குள் இருந்தபடியே இத்தகைய பூச்சிகள் கண்டம் தாண்டுகின்றன என்ற அச்சம் வலுத்தது. 2002இல் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி வந்தது. நவசேவா துறைமுகம் வழியாக வெளிநாடு போகும் மரப் பேலட்டின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டு முத்திரை வாங்க வேண்டும். அந்தப் புகை ஓசோன் படலத்தை அரிக்கக்கூடியது. பிளாஸ்டிக்குக்கு இந்த அலைச்சல் கிடையாது. மருந்துக் கம்பெனிகளுக்கு வேறொரு காரணமும் உண்டு. 2010 ஜனவரியில் அமெரிக்காவில் டைலனால் உள்ளிட்ட மருந்துகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டன. மரப் பேலட்டுகளுக்குப் பூசிய ரசாயனம் சிதைந்து, அதன் பூஞ்சை நாற்றம் மாத்திரைகள் வரை ஏறியிருந்தது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அலுவலகம் வைத்து மருந்தும் உணவுப்பொருளும் ஏற்றுமதி செய்பவர் பிளாஸ்டிக்கை நாடுவதில் வியப்பில்லை.

ஆனால் உழைப்பு என்பது பிளாஸ்டிக்கின் குணம் மட்டுமல்ல. நல்ல பேலட் பெரும்பாலும் எச்டிபிஇ என்ற அடர் பாலிஎத்திலீனில் வார்க்கப்படுகிறது. அடி தாங்கும், ஈரத்தை உறிஞ்சாது. அதை வெட்டவெளியில் போட்டால் வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பை வெளுக்க வைத்து நொறுங்க வைக்கும். கறுப்புக் கரித்தூளோ வேறு காப்புப் பொருளோ சேர்த்திருந்தால் தாக்குப்பிடிக்கும். அடுக்குச் சட்டத்தில் இரண்டு முனைகள் மட்டும் தாங்கலாக நிற்க, பாரத்தோடு மாதக்கணக்கில் வைத்தால் நடுப்பகுதி மெல்லத் தொய்யும். அதற்காகவே உள்ளே இரும்புக் குழாய் வைத்த வகைகள் வருகின்றன. விலையைக் குறைக்கச் சுண்ணாம்புத் தூளை அதிகம் கலந்த பேலட் கைக்கு விறைப்பாக இருக்கும், ஃபோர்க்லிஃப்ட் முனை இடித்ததும் விரியும். மரத்தில் ஒரு பலகை உடைந்தால் தச்சர் ஒருவர் ஆணி அடித்துச் சரிசெய்துவிடுவார். பிளாஸ்டிக்கில் ஒரு கால் உடைந்தால் பெரும்பாலும் முழுப் பேலட்டும் போனதுதான்.

தீத்தடுப்புச் செலவையும் யாரும் சொல்வதில்லை. அமெரிக்கத் தீத்தடுப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 13, சாதாரணச் சரக்கைப் பிளாஸ்டிக் பேலட்டில் வைத்தால் அதன் ஆபத்து வகுப்பை ஒரு படி உயர்த்திக் கணக்கிடச் சொல்கிறது. வலுவூட்டிய பிளாஸ்டிக் என்றால் இரண்டு படி. அதாவது தண்ணீர் தெளிப்பான்களும் குழாய்களும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். கிடங்குத் தீ அடிக்கடி செய்தியாகும் பிவண்டியில் இதைப் பேசாமல் பேலட் வாங்குவது சரியல்ல.

இனி ரூபாய்க் கணக்குக்கு வருவோம். கணக்குக்காக, மரப் பேலட் 1,000 ரூபாய் என்றும், 400 ரூபாய்ப் பழுதுபார்ப்போடு 20 பயணம் வரும் என்றும் வைத்துக்கொள்வோம். பயணத்துக்கு 70 ரூபாய். 20 கிலோ எடையுள்ள பிளாஸ்டிக் பேலட் 3,000 ரூபாய், 60 பயணம். உடைந்த பின் கிலோ 35 ரூபாய்க்குப் போனால் 700 ரூபாய் திரும்பும். பயணத்துக்கு சுமார் 38 ரூபாய். பிளாஸ்டிக்குக்கே வெற்றி.

இப்போது ஒவ்வொரு பயணத்திலும் நூற்றுக்கு ஐந்து பேலட் திரும்பி வரவில்லை என்று வையுங்கள். 60 பயணம் வரக்கூடிய பேலட் சராசரியாக 19 பயணத்தோடு நின்றுவிடும். செலவு பயணத்துக்கு 150 ரூபாயைத் தாண்டும். அதே இழப்பில் மரம் 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வெயிலும் இடியும் தின்பதைவிட அதிகமான ஆயுளை, பேலட் வேறொருவர் கிடங்கில் தங்கிவிடுவது தின்கிறது. இதனால்தான் உலகம் பேலட்டை வாடகைக்கு விடும், மாற்றிக்கொள்ளும் முறைகளுக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படைகள் ஆஸ்திரேலியாவில் விட்டுச் சென்ற பேலட்டுகளிலிருந்து செப் என்ற அமைப்பு பிறந்தது. ஐரோப்பிய ரயில்வேக்கள் 1961இல் ஒரே அளவுப் பேலட்டை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு வந்தன. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட லீப் இந்தியா இங்கே பேலட்டை வாடகைக்கு விடும் தொழிலைச் செய்கிறது. திரும்பி வராத ஏற்றுமதிக்கு விலையுயர்ந்த பிளாஸ்டிக் வாங்குவது வீண் என்பது என் முடிவு. அங்கே சூடேற்றிய மரமோ, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எடை குறைந்த மறுசுழற்சிப் பேலட்டோ போதும்.

மேலே சொன்ன கணக்கில் 700 ரூபாய் ஒன்று வந்தது. அதை நீக்கினால் பயண விலை 38இலிருந்து 50 ஆகிறது. இந்தப் பன்னிரண்டு ரூபாயைத் தருபவர்கள் யார்?

தாராவியின் 13ஆம் காம்பவுண்ட். உடைந்த பேலட்டும் கேனும் நாற்காலியும் டிரம்மும் அங்கே வந்து சேர்கின்றன. முதல் வேலை பிரிப்பது. கைதேர்ந்த தொழிலாளி தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் ஓரத்தைக் கொளுத்தி முகர்ந்து இது எச்டி (எச்டிபிஇ), இது பிபி (பாலிபுரொப்பிலீன்) என்று சொல்லிவிடுவார். இரண்டும் தண்ணீரில் மிதக்கும்; சுண்ணாம்பு நிறையக் கலந்தது மூழ்கும். நிறவாரியாகப் பிரித்தவற்றுக்கே நல்ல விலை; கலந்துபோனதைக் கறுப்பாக்குவதைத் தவிர வழியில்லை. பிறகு அரவை, கழுவல், தகரக் கூரை மேல் உலர்த்தல், உருக்கிக் கம்பியாக இழுத்து ‘தானா’ எனப்படும் மணிகளாக வெட்டுதல். அரவை இயந்திரங்களையே தாராவியின் பட்டறைகளில் செய்கிறார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள். வேலை செய்யும் இடத்திலேயே மேல் பரணில் படுத்துக்கொள்பவர்கள் பலர். உருகும் பிளாஸ்டிக்கின் புகை அவர்கள் நுரையீரலில் போகிறது. கழுவிய நீர் சாக்கடையில் கலந்து மித்தி ஆற்றை நோக்கி ஓடுகிறது. பேலட்டின் நீண்டகால விலை என்று நாம் பேசும்போது இந்த இரண்டும் அதில் சேர வேண்டியவை. இன்று அவற்றை அந்தத் தொழிலாளியும் அந்த ஆறும் சுமக்கின்றன.

இந்த ஏற்பாடும் நிலைக்கப்போவதில்லை. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. திட்ட நிறுவனத்தில் அதற்கு 80 விழுக்காடு, மகாராஷ்டிர அரசுக்கு 20. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள் இலவச வீடு. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு வெளியேதான் இடம். பரணில் உறங்கும் அரவைத் தொழிலாளி இந்தக் கணக்கில் எங்கே வருவார்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் கூடங்களுக்கு வேலை தேடி வந்த குடும்பங்களுக்கு இது புதிதல்ல. அந்தக் கூடங்கள் தாராவியை விட்டுப் போய்விட்டன. தோல் பை தைப்பதும் விற்பதும்தான் மிஞ்சின. பிளாஸ்டிக்குக்கு அந்தக் கதி வந்தால் உடைந்த பேலட் காணாமல் போய்விடாது. இன்னும் தொலைவில், இன்னும் கண்காணிப்பு இல்லாத ஏதோ ஒரு திறந்தவெளிக்குப் போகும். லாரி வாடகை அந்த 700 ரூபாயைத் தின்னும்.

சட்டம் மறுசுழற்சிப் பக்கம்தான் நிற்கிறது, ஆனால் சிறிய கூடங்களின் பக்கம் இல்லை. 2022இல் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு விதிகள், கெட்டியான பிளாஸ்டிக் பொதிகளில் 2025-26 முதல் 30 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்றும், 2028-29க்குள் அது 60 ஆக வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்த மூலப்பொருளைத் தரக்கூடியவர்கள் தாராவிக்காரர்கள். ஆனால் மறுசுழற்சிக்கான சான்றிதழை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த ஆலைதான் தர முடியும். பதிவில்லாத கூடத்துக்கு அந்தச் சான்றிதழின் வருமானம் வராது. இதற்கிடையில் 2021 அக்டோபரில் பழைய பிளாஸ்டிக் மீதான ஜிஎஸ்டி 5இலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இரசீது போட்டு நேர்வழியில் வாங்க நினைப்பவருக்குத்தான் அது சுமை.

எனவே பேலட் வாங்கும் பெரிய கம்பெனிகள் ஒப்பந்தத்திலேயே இரண்டு கேள்வி கேட்கலாம். உடைந்ததைத் தயாரிப்பாளர் என்ன விலைக்குத் திரும்ப எடுப்பார்? அதை எந்தக் கூடத்தில், எந்த நிலைமையில் அரைப்பார்? சிறு கூடங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரே பெயரில் பதிவு செய்ய வாரியம் வழி திறக்கலாம். அதைவிட அவசரமானது மறுசீரமைப்பு வரைபடம். அரவைக்கு அதிர்வைத் தாங்கும் தரைத்தளம் வேண்டும், மும்முனை மின்சாரம் வேண்டும், புகைபோக்கி வேண்டும், கழுவிய நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் பொதுத் தொட்டி வேண்டும், லாரி நுழைந்து திரும்பும் அகலத்தில் பாதை வேண்டும். கட்டடங்கள் எழும்பிய பிறகு இவற்றில் ஒன்றைக்கூட உள்ளே நுழைக்க முடியாது.