அம்மாவின் சேலை என்ன நிறம்?

பணி ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், "படம் வரைகிறேன்" என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் வரைவது ஒரே படத்தைத்தான்.

1964ல் கோவில்பட்டி ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த கருப்பு வெள்ளைப் போட்டோ. அம்மா நிற்கிறாள்; இடுப்பில் என் தங்கை; பக்கத்தில் அரைக்கால் சட்டையில் நான். அம்மா கட்டியிருப்பது மாந்துளிர் நிறச் சின்னாளபட்டிச் சேலை. போட்டோவில் அது வெறும் சாம்பல். தங்கைக்கு அப்போது இரண்டு வயது, அவளுக்கு ஞாபகமில்லை. அந்த நிறம் தெரிந்தவன் இன்று நான் ஒருவன்தான். நானும் போய்விட்டால் அது சாம்பல்தான்.

மூலப் போட்டோவைத் தொடவில்லை. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்தேன். தூரிகை பட்டதும் மை கரைந்து அம்மாவின் முகமே ஓடிவிட்டது. ஜெராக்ஸ் கடையில் கெட்டித் தாளில் எடுத்த லேசர் பிரதி தண்ணீருக்கு அசையவில்லை. அதன்மேல் வாட்டர்கலர். மாந்துளிர் ஒரே பூச்சில் வராது. முதலில் வெளிறிய மஞ்சள், காய்ந்தபின் சிவப்பு, அதுவும் காய்ந்தபின் மெல்லிய பழுப்பு. அவசரப்பட்டு ஈரத்தின்மேல் பூசினால் மூன்றும் கலந்து சேறுதான். சரிகைக் கரைக்குப் பேத்தியின் தங்க நிற ஜெல் பேனா. தரைக்கு நம்மூர்க் கரிசல் மண்ணையே சலித்து, இரவெல்லாம் ஊறிய கருவேலம் பிசினில் குழைத்தேன். கடையில் விற்கும் வாட்டர்கலரிலும் நிறப்பொடியைப் பிடித்துவைப்பது வேல இனத்துப் பிசின்தான்.

ஓவியம் தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். வெள்ளைப் பெயிண்ட் பூசுவதே தப்பு. இதில் பேனா வேறு, மண் வேறு!" என்றார். ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாட்டர்கலருக்குப் பேர்போன இங்கிலாந்தின் டர்னரே ஒளிபுகா வெள்ளையைப் பயன்படுத்தியவர். அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அதே கைதான் சிவகாசி காலண்டர்களுக்குச் சாமி படமும் எழுதியது. மேடைக்கு ஒரு வேலை, காலண்டருக்கு ஒரு வேலை. நம் வீட்டார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களே தவிர, எந்த வண்ணம், என்ன முறை என்று கேட்கவில்லை. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் போட்டோவின்மேல் தூரிகையால் நிறம் ஏற்றியதற்கும் யாரும் 'மிக்ஸட் மீடியா' என்று பெயர் வைக்கவில்லை.

சுத்தமான முறை வேண்டும் என்பது கற்கும் வயதில் நல்ல கட்டுப்பாடு. கை நடுங்கும் வயதில், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். நடுங்கும் கைக்கு ஈரத்தாள் உண்மையிலேயே நல்ல துணை. கோணலான கோட்டை அது தானே கரைத்துவிடுகிறது.

என் வயதொத்தவர்களே, உங்கள் பெட்டியிலும் இப்படி ஒரு போட்டோ இருக்கும். ஒரு பிரதி எடுங்கள். சேலை, வாசல் கதவு, மாட்டுக்கொம்பு எதற்காவது நிறம் ஏற்றுங்கள். நன்றாக வராவிட்டால் பின்னால் எழுதியாவது வையுங்கள்.

நாலு பிரதி கெட்டுப்போனது. ஐந்தாவதிலும் மாந்துளிர் கொஞ்சம் செங்கல்லாகத்தான் தெரிகிறது. "இதுவா அம்மா சேலை?" என்று கேட்ட தங்கை, அதைத் திருப்பித் தரவில்லை. ஆறாவதைத் தொடங்கியிருக்கிறேன்.