டொமைன் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

நிறுவனத்தின் பெயர் மாறிவிட்டது. வாசலில் போர்டு, லெட்டர்ஹெட், வெப்சைட், இமெயில் முகவரி எல்லாம் புதிது. ஆனால் காலையில் கம்ப்யூட்டரில் லாக் இன் செய்தால் பழைய பெயர்தான் வந்து நிற்கிறது. "அதையும் மாற்றிவிடுங்கள், ஒரு பெயர்தானே!" என்கிறார் முதலாளி. சிறிய அலுவலகங்களில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் நண்பர்கள் இதுபற்றி என்னிடம் கேட்பதுண்டு. என் பதில் ஒன்றுதான்: தப்பிக்க வழி இருந்தால் மாற்றாதீர்கள்.

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஒர்க்குரூப் பெயரை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது. ஆக்டிவ் டைரக்டரி டொமைன் அப்படி அல்ல. அங்கே பெயர் என்பது போர்டு அல்ல, அஸ்திவாரம். லாக் இன், ஷேர் செய்த போல்டர்கள், பிரிண்டர்கள், குரூப் பாலிசி, சர்டிபிகேட் என எல்லாமே அந்தப் பெயரை நம்பித்தான் இயங்குகின்றன.

விண்டோஸ் 2000 சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி அறிமுகமானபோது பெயரை மாற்ற நேரடி வழி எதுவும் தரப்படவில்லை. விண்டோஸ் சர்வர் 2003ல்தான் 'ரென்டாம்' என்ற கருவி வந்தது. அதிலும் எத்தனை நிபந்தனைகள்! டொமைன் கண்ட்ரோலர்கள் எல்லாம் தொடர்பில் இருக்க வேண்டும். டொமைனில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். குரூப் பாலிசியைத் தனியே சரி செய்ய வேண்டும். எக்சேஞ்ச் 2007 அல்லது அதற்குப் பின் வந்த மெயில் சர்வர் டொமைனில் இருந்தால் பெயர் மாற்றத்துக்கு ஆதரவே கிடையாது.

வெளியூரிலிருந்து விபிஎன் வழியாக வேலை பார்ப்பவர்களின் லேப்டாப்களை டொமைனிலிருந்து நீக்கி மீண்டும் சேர்க்க வேண்டும். சம்பளப் பட்டியல் போடும் நாளில் அக்கவுண்டன்ட் லாக் இன் செய்ய முடியாமல் நின்றால், புதிய பெயரின் அழகை யாரும் பாராட்டப் போவதில்லை.

புதிய டொமைன் ஒன்றை உருவாக்கி எல்லோரையும் அங்கே குடியேற்றுவது இன்னொரு வழி. அங்கே பயனாளருக்குப் புதிய அடையாள எண் வழங்கப்படும். முறையாக மைக்ரேஷன் செய்யாவிட்டால் புதிய புரொபைல் திறந்து, டெஸ்க்டாப் காலியாகத் தெரியும். பழைய புரொபைல் போல்டரில் பைல்கள் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அது தெரியாத ஊழியர் பதறிப் போவார்.

முதலாளி உண்மையில் கேட்பது என்ன? ஊழியர்கள் புதிய பெயரில் லாக் இன் செய்ய வேண்டும், அவ்வளவுதானே! அதற்கு யுபிஎன் சபிக்ஸ் வசதி போதும். 'ஆக்டிவ் டைரக்டரி டொமைன்ஸ் அண்ட் டிரஸ்ட்ஸ்' பகுதியில் புதிய பெயரைச் சேர்த்து, பயனாளர் கணக்குகளில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், புதிய இமெயில் முகவரியைப் போன்ற பெயரிலேயே லாக் இன் செய்யலாம். உள்ளே பழைய டொமைன் தொந்தரவின்றி இயங்கிக் கொண்டிருக்கும்.

சரி, மாற்றியே ஆக வேண்டிய நேரம் உண்டா? உண்டு. டொமைன் பெயர் இணையத்தில் வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தால் அது ஆபத்து. பழைய விண்டோஸ் பதிப்புகளின் வழிகாட்டுதலைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் 'கார்ப்' என்றே தங்கள் டொமைனுக்குப் பெயர் வைத்தன. அவர்களின் லேப்டாப்கள் வெளியே போனபோது இணையத்தில் உள்ள கார்ப் டாட் காம் முகவரியைத் தேடிச் சென்று ரகசியத் தகவல்களைத் தட்டின. 2020ல் அந்தப் பெயர் 17 லட்சம் டாலர் விலையில் விற்பனைக்கு வந்தபோது, மைக்ரோசாப்ட்டே அதை வாங்கிக் கொண்டது. அதேபோல், நிறுவனம் விற்கப்பட்டு, பழைய பெயரைப் பயன்படுத்தச் சட்டப்படி உரிமை இல்லாமல் போனாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அப்படி மாற்றுவதானால் அவசரப்படாதீர்கள். எந்தெந்த சாப்ட்வேர், ஸ்கேனர், பேக்அப் வேலைகளில் பழைய பெயர் எழுதப்பட்டுள்ளது என்று முதலில் பட்டியல் போடுங்கள். டொமைன் கண்ட்ரோலர்களை பேக்அப் எடுத்து, அதிலிருந்து மீட்க முடிகிறதா என்றும் பாருங்கள். விர்ச்சுவல் மெஷினில் ஒருமுறை ஒத்திகை நடத்துங்கள். மாதக் கடைசியைத் தவிர்த்திடுங்கள். லேப்டாப்களை அலுவலகத்திற்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முக்கியமாக, பழைய இணைய டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். சில நூறு ரூபாய் மிச்சம் என்று விட்டால், அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உங்களுக்கு வரும் பழைய கடிதங்களும், பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க்குகளும் அவருக்குப் போய்ச் சேரும்.

புதிதாக நெட்வொர்க் அமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குச் சொந்தமான இணையப் பெயரின் கீழ் ஒரு துணைப் பெயரை டொமைனுக்கு வையுங்கள். அந்தப் பெயர் நிறுவனத்தின் பிராண்டைச் சாராத பொதுவான பெயராக இருந்தால் இன்னும் நல்லது. போர்டு எத்தனை முறை மாறினாலும் சர்வரைத் தொட வேண்டியிருக்காது.