இடித்துவிட்டுப் பச்சை பூசாதீர்கள்

எங்கள் காலனியில் வழுவழுப்பான விளம்பரத் தாள் ஒன்று வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டித் தருவார்களாம்; பாதி நமக்கு, பாதி பில்டருக்கு. இதெல்லாம் பழைய கதைதான். புதிதாகச் சேர்ந்திருப்பது ஒரு வரி: 'பூஜ்ய கார்பன் கட்டடம்'. மொட்டை மாடியில் சோலார், எல்.இ.டி. விளக்கு, மழைநீர்த் தொட்டி. அதனால் பூமிக்குப் பாரமே இல்லையாம்!

இந்த ஒரு வரியைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். கட்டட வேலையில் 31 வருடம் சிமெண்ட் மூட்டை எண்ணியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இது செலவை மறைத்து வரவை மட்டும் காட்டுகிற கணக்கு.

வீட்டில் எரியும் கரண்ட் மட்டுமா கார்பன்? சிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரியலூர்ப் பக்கம் வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1450 டிகிரிக்குச் சுடுகிறார்கள். எரிக்கிற நிலக்கரியின் புகை ஒரு பக்கம். கல்லே விடுகிற வாயு இன்னொரு பக்கம். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். காற்றாலை மின்சாரத்தில் ஆலையை ஓட்டினாலும் இந்த 44 கிலோ குறையாது.

இப்போது நம் ஃபிளாட்டுக்கு வருவோம். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி என்பது சைட்டில் எல்லாரும் போடுகிற கணக்கு. 1000 சதுர அடிக்கு 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்ட். கம்பி 4 டன். சிமெண்ட் டன்னுக்கு 600 கிலோ, கம்பி டன்னுக்கு 2 டன் என்று குறைத்தே போட்டாலும் 20 டன் கார்பன் டை ஆக்சைடு. செங்கல், டைல்ஸ், கண்ணாடி, லாரி டீசல் எதையும் நான் சேர்க்கவில்லை.

ஒரு கிலோவாட் சோலார் நாளைக்கு 4 யூனிட் தரும். வருடத்துக்கு 1460 யூனிட். அதனால் மிச்சமாவது சுமார் 1 டன். ஆக, குடிபோகும் முன்பே விட்டதை ஈடுகட்ட 20 வருடம் ஆகும்! எட்டுக் குடும்பம் பங்கு போடுகிற மொட்டை மாடியில் ஆளுக்கு எத்தனை கிலோவாட் வைக்க இடம் இருக்கும்? அதைவிட, அதே சோலாரை இப்போதிருக்கும் வீட்டின் மாடியிலேயே வைத்தால் யார் வேண்டாம் என்கிறார்கள்?

தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், 'ஆயுசு முடிந்தது சார்' என்பார்கள். உடனே நம்பிவிடாதீர்கள். பில்டரோடு சம்பந்தமில்லாத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் காட்டுங்கள். துருவைச் சுரண்டி, தேவையான இடத்தில் கம்பி சேர்த்து, முறையாகப் பூசினால் பல வீடுகள் இன்னும் நிற்கும். மேலே தட்டோட்டைச் சரிசெய்து வெள்ளை அடித்தால் சூடும் குறையும்.

முழங்கால் வலிக்கு லிஃப்ட் வேண்டும், பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. நியாயமான காரணங்கள்தான். அதைச் சொல்லியே இடியுங்கள். பூமியைக் காப்பாற்ற இடிக்கிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இடித்தே ஆகவேண்டும் என்றால் தேக்கு நிலை, கதவு, நல்ல செங்கல்லை மறுபடி பயன்படுத்தச் சொல்லுங்கள். சூளையில் சுடாத ஃபிளை ஆஷ் கல்லைக் கேளுங்கள். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடுவார்கள். கால் பங்கு செங்கல் மிச்சம். உள்ளே சூடும் குறைவு. சாளரத்துக்கு மேல் அகலமான சன்ஷேட் வைத்தாலே ஏ.சி. ஓடும் நேரம் குறையும்.

அடுத்த மாதம் சங்கக் கூட்டத்துக்கு பில்டர் வருகிறார். சோலார் பற்றி அவரே பேசுவார். நீங்கள் ஒன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: 'இதைக் கட்டி முடிக்க எத்தனை டன் சிமெண்ட், எத்தனை டன் கம்பி?' அந்தக் கணக்கு கைக்கு வராமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.