தகரம் மாற்றும்போதே

கூரையில் சோலார் என்றால் இன்று எல்லோருக்கும் மின்சாரம்தான் ஞாபகம் வருகிறது. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்து, 78,000 ரூபாய் வரை மானியம் என்றதும் பேச்செல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. நல்ல திட்டம்தான். ஆனால் இடுக்கி மலையில் லோடு லோடாக விறகு எரிவது விளக்குக்கும் மின்விசிறிக்கும் இல்லை. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் வேண்டியது சூடு. அதைக் கூரையிலிருந்து நேராக எடுக்கலாம் என்று நம் பக்கத்து ஆட்களே காட்டி முப்பது வருடம் ஆகப்போகிறது.

தேனியில் பிளான்டர்ஸ் எனர்ஜி நெட்வொர்க் என்ற அமைப்பை நடத்தியவர் முனைவர் சி. பழனியப்பன். தென்னிந்தியத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கூரையிலேயே 212 சதுர மீட்டருக்கு வெப்பம் பிடிக்கும் அமைப்பை வைத்து, நான்கு வருடம் கணக்கெடுத்தார்கள். சராசரியாகக் கால் பங்கு எரிபொருள் மிச்சம். 1998-இல் ‘சோலார் எனர்ஜி’ ஆய்விதழில் வெளிவந்த கணக்கு இது.

அமைப்பு எளிமையானது. மேலே கடினக் கண்ணாடி, அதற்கடியில் கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தகடு, காற்று ஓட இடைவெளி, கீழே வெப்பம் இறங்காமல் தடுக்கும் கண்ணாடிக் கம்பளி. ஒரு ஓரத்தில் நுழையும் குளிர்ந்த காற்றை மறு ஓரத்தில் ப்ளோவர் உறிஞ்சும். இருபது டிகிரியில் போன காற்று நல்ல வெயிலில் ஐம்பது, அறுபது டிகிரியில் வரும். தேயிலை டிரையருக்கு நூறு டிகிரி அளவில் சூடு வேண்டும் என்பதால் மீதியை அடுப்பு தர வேண்டும்.

ஏலக்காய்க்கோ கூரை தரும் சூடே போதும். 45 முதல் 55 டிகிரிதான் அது கேட்பது. கூடினால் காய் வெடிக்கும், வாசம் போகும். வெளியே வெயிலில் காயவைத்தால் பச்சை நிறம் வெளுத்து, ஏலத்தில் விலை இறங்கும். கூரைக்கு அடியில் டிரேயில் கிடக்கும் காய்க்கு வெயில் படாது, வெயிலின் சூடு மட்டும் கிடைக்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கும் வரை, ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும், ஸ்டோர்க்காரர் கண் எரிய அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பகல் வேலையையாவது கூரை எடுத்துக்கொள்ளட்டும்.

சிக்கலும் உண்டு. காய் எடுப்பு மும்முரமாகும் ஆடி, ஆவணியில் வண்டன்மேட்டிலும் உடும்பன்சோலையிலும் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். ஆகவே அடுப்பை இடித்துவிடச் சொல்லவில்லை. மழை விட்ட பிறகும் மாதக்கணக்கில் காய் வருகிறதே, அப்போதைய விறகு மிச்சமாகட்டும். விறகுக்காக வளர்க்கும் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரம் ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கிறது என்று மூணாறிலும் வட்டவடையிலும் எத்தனை காலமாகப் புலம்புகிறோம்! விறகுத் தேவை குறையாமல் அந்த மரம் மட்டும் எப்படிக் குறையும்?

பாலக்காட்டுப் பக்கம் நிலைமை வேறு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதியில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. கொப்பரை களத்தில் காய்கிறது. ஒரு தூறல் விழுந்தால் தார்ப்பாயோடு ஓட வேண்டும். நனைந்து பூஞ்சை பிடித்த பருப்பை வியாபாரி ஒதுக்கிவிடுவார். அங்கெல்லாம் குடோன் கூரையும் ஒரு ப்ளோவரும் இருந்தாலே பெரும்பாலான நாட்களில் அடுப்பும் வேண்டாம், தார்ப்பாயும் வேண்டாம்.

செலவைப் பார்த்துப் பின்வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருக்கிற கூரைக்கு மேல் தனியாகச் சட்டம் அடித்து ஏற்றினால்தான் செலவு கூடும். பழைய தகரத்தைக் கழற்றும்போதே அந்த இடத்தில் இந்த அமைப்பைப் பொருத்தினால் தகரச் செலவு மிச்சம். தெற்கு பார்த்த சரிவாக இருந்தால் நல்லது. இடுக்கி மழைக்குக் கண்ணாடி இணைப்புகளில் ஒழுகாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. அதற்குக் கைதேர்ந்த ஆளை வையுங்கள். பாசியும் தூசியும் படிந்தால் கழுவிவிட ஏணி வைக்க இடமும் விடுங்கள்.

அடுத்த கோடையில் ஸ்டோருக்குத் தகரம் மாற்றப்போகிறவர்கள், தகரம் வாங்கக் கிளம்பும் முன் இதற்கும் ஒரு மதிப்பீடு கேட்டு வாங்குங்கள். போன சீசனில் விறகுக்குக் கொடுத்த பணத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.