மூலக் கோப்பை அழிக்காதீர்கள்

பதிப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் சிற்றிதழ் நடத்துவோருக்கும் டி.டி.பி. தொழிலாளர்களும் மெய்ப்புத் திருத்துவோரும் சேர்ந்து விடுக்கும் வேண்டுகோள் இது.

சென்ற மாதம் ஒரு பதிப்பகத்திலிருந்து மறுபதிப்புக்கான நாவல் ஒன்று எங்களிடம் வந்தது. பேஜ்மேக்கரில் கோத்த நூலை யூனிகோடுக்கு மாற்றி அனுப்பியிருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறிகள். மூலக் கோப்பைக் கேட்டோம். "அதான் யூனிகோடு ஆகிவிட்டதே, பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம்" என்றார்கள். எழுதியவர் உழைப்புக்கு இதுவா மரியாதை?

பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. டிஸ்கி குறியீட்டுக்கு வேறு கணக்கு. 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியீடுகள் இரண்டுக்கும் வேறு வேறு கணக்கு. எது எந்தக் கணக்கு என்பதற்கு எழுத்துருவின் பெயர்தான் துப்பு. வெறும் உரையாகச் சேமித்த நொடியே அந்தப் பெயர் போய்விடுகிறது.

அதைவிடக் கொடுமை அடுத்தது. விண்டோஸின் 1252 அட்டவணையில் 128 முதல் 159 வரை 27 குறிகள் உண்டு; பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அந்த இடங்களிலும் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். லினக்ஸில் வெகுகாலம் வழங்கிய லத்தீன்-1இல் அந்த 32 இடங்களிலும் அச்சாகும் குறி ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, இடமில்லாததற்கெல்லாம் பல மென்பொருள்கள் 63ஆம் எண்ணைப் போட்டுவிடுகின்றன. 63 என்றால் கேள்விக்குறி. 27 வெவ்வேறு குறிகளும் ஒரே குறியான பிறகு, அங்கே இருந்த எழுத்து எது என்று எந்த மாற்றியாலும் சொல்ல முடியாது.

கேள்விக்குறி இல்லாத பக்கமும் சுத்தம் என்று நம்பாதீர்கள். ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் அடித்த கோப்புகள் எத்தனையோ. தாளில் தெரியாத அந்தப் பிழை, மாற்றியபின் 'மரம்' என்பதை 'மாம்' ஆக்குகிறது. ஒகரமும் ளகரமுமாக அடித்த ஔவையார், தேடினால் அகப்படவே மாட்டார்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. அதைச் சொல்லி இன்னும் எத்தனை கணினிகளைக் கழிக்கப்போகிறீர்கள்? கழிக்குமுன் கோப்புகளையும் எழுத்துருக்களையும் சேர்த்து இரண்டு இடங்களில் படியெடுங்கள். எழுத்துருவின் பெயரை எழுதிவையுங்கள். மாற்றுவது படியில் நடக்கட்டும்; மாற்றியதை அச்சுநூலோடு வரிக்கு வரி ஒப்பிடக் கூலி கொடுங்கள்.

இனி மூலக் கோப்போ அச்சுப் பிரதியோ இல்லாமல் வரும் நூலுக்கு நாங்கள் மெய்ப்புப் பார்க்க மாட்டோம். எங்கள் பெயரையும் அதில் போடாதீர்கள்.