பயிற்சியும் வயிற்றுப்பாடும்

கோயமுத்தூருக்குப் பஞ்சாலை நகரம் என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. இன்று அவினாசி சாலை வழியே போகிறவர்கள் அதை ஆஸ்பத்திரி நகரம் என்று சொன்னாலும் தவறில்லை. அப்படியிருக்க, பள்ளிப் படிப்பை முடித்த கொங்கு நாட்டுப் பிள்ளைகள் பலர் வேலையின்றி வீட்டிலே இருப்பானேன்?

ஆர்வம் இல்லாமல் அன்று. தறிக் கூலியை நம்பிப் பிழைக்கும் குடும்பம் ஒன்று, கட்டணமும் கட்டி, இரண்டு வருஷம் சம்பாத்தியமும் இன்றிப் பெண்ணைப் படிக்க வைப்பது எங்ஙனம்? பயிற்சிக்குத் தடையாய் நிற்பது வயிற்றுப்பாடு.

இந்தத் தடையை நீக்க வழி காட்டிய ஸ்தாபனம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1976-ஆம் வருஷத்தில் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியே அது. 1997 முதல் கோயமுத்தூரிலும் நடந்து வருகிறது. 12-ஆம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உபகாரச் சம்பளமும் கொடுத்து, 2 வருஷம் பயிற்சி அளிக்கிறார்கள். பார்வையைச் சோதிப்பதும், கண்ணின் அழுத்தத்தை அளப்பதும், சத்திர சிகிச்சைக்கு நோயாளியைத் தயார் செய்வதும் இப்பெண்களின் பொறுப்பு. அதனால் டாக்டரின் நேரம் அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு மிச்சமாகிறது. ஏழைகள் பலருக்கு அங்கே இலவசமாகக் கண்ணொளி கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உபகாரச் சம்பளம் தருமமன்று; நல்ல முதலீடு.

ஆனால் பயிற்சி என்ற பெயரால் மலிவாக வேலை வாங்குதல் ஆகாது. நூற்பாலைகள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லி, இளம் பெண்களை வருஷக்கணக்கில் பயிற்சியாளர்களாகவே வைத்திருந்த கதையை நமது ஜில்லாக்கள் மறக்கவில்லை. பயிற்சிக்கு முடிவு நாள் வேண்டும். முடிந்ததும் நியாயமான சம்பளம் வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 'நர்ஸிங் பயிற்சி' என்று பலகை தொங்கும் இடத்திலெல்லாம் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். 1926-ஆம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட நர்ஸுகள் கவுன்ஸிலின் அங்கீகாரம் அந்தப் பள்ளிக்கு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அது இல்லாத சான்றிதழைக் கொண்டு நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள இயலாது.

ஆஸ்பத்திரி நடத்தும் பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சுக்கு முன்பணம் கொடுத்துத் தொழில் வளர்த்த ஊர் இது. பிள்ளைகளின் பயிற்சிக்கும் அவ்வாறு முன்பணம் போடலாகாதா? பஞ்சு நூலாவதற்குள் விலை இறங்கினாலும் இறங்கலாம். கைத்திறன் ஒருநாளும் இறங்குவதில்லை.